வாடைக்கு ஓடாத கப்பல்

போன வாரம் செல்வரட்ணத்தை மயிலிட்டித் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தோம். மனிதர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். தோளில் வலை, வாயில் வெற்றிலை, முகத்தில் பெரிய துக்கம்.

துக்கம் பொய்.

இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். செல்வரட்ணத்தின் மனைவி கேதீஸ்வரிக்கு மார்கழியில் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே சபா சபாவாக நடக்கும் கச்சேரிகளில் முன்வரிசையில் இருந்து பாட்டுக் கேட்க வேண்டும். கருவாடு புரட்டும்போதும் போனில் ஒரு ஆலாபனையைப் போட்டுவிட்டு, இது கரகரப்பிரியாவா இல்லையா என்று தனக்குத்தானே வாதாடுகிற பெண் அவள். அந்த ஆசைக்கு மகள் தனுஷிகாவின் வயது இருக்கும்.

இந்த வருடமே போக வேண்டும் என்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று ஊருக்கே தெரியும். கோப்பாயில் படிப்பிக்கிற தனுஷிகாவுக்கு மாசியில் பிள்ளை பிறக்கப் போகிறது. அதற்குப் பிறகு கேதீஸ்வரிக்குத் தலை சீவவே நேரம் இருக்காது. மற்றக் காரணம் தாய்க்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். கேதீஸ்வரியின் வலக்காது ஒரு வருடமாகக் கேட்பதில்லை. இடக்காதும் மெல்ல மெல்ல இறங்குகிறது. இனி மெசின்தான் என்று தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் டொக்டர் சொல்லிவிட்டார். மெசின் வருவதற்கு முதல், சொந்தக் காதால், புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கச்சேரி கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

புருஷன் மறுக்கவில்லை. ஆவணி மாதத்தில் ஒரு நாள், பெரிய மனது பண்ணி, "போவம். ஆனால் கப்பலிலைதான் போவம்" என்றார். காங்கேசன்துறையில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து ரயில் பிடிப்பதாகத் திட்டம். விசாவுக்குக்கூடச் சந்தோஷமாகப் படம் எடுத்துக் கொடுத்தார். இப்போது கார்த்திகை.

"கப்பல் நிப்பாட்டியாச்சாம்," என்றார் லெனாட். செல்வரட்ணத்தோடு ஒரே வள்ளத்தில் இருபது வருடமாகத் தொழில் செய்கிறவர். "கடல் சரியில்லையாம். தை கழிஞ்சுதான் இனி ஓட்டமாம்."

"ஐயோ," என்றார் செல்வரட்ணம்.

"உந்த ஐயோவைக் கொஞ்சம் வடிவாச் சொல்லடாப்பா. நானே நம்பேல்லை, கேதீஸ் நம்புவாளோ?"

"மனுசன் கவலையிலை நிக்கிறன், உனக்குப் பகிடி."

"கவலையோ? வாடை பிறந்தால் கப்பல் ஓடாது எண்டு உனக்கு ஆவணியிலையே தெரியும். தெரிஞ்சுகொண்டுதானே கப்பலிலை போவம் எண்டனீ?"

"நான் என்ன வானிலை ஒப்பீசரோ?"

"இல்லை. சரியான கள்ளன்."

செல்வரட்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வெற்றிலையைத் துப்பினார். கடல் சாம்பல் நிறத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. வள்ளங்கள் எல்லாம் கட்டிக் கிடந்தன. வாடைக்காற்று அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தது.

"ஏன்ரா செல்வம், பிளேனுக்கு அவ்வளவு பயமோ? நாப்பது வருஷமாக் கடலோடை மல்லுக்கட்டினனீ. உதிலை கிடக்கிற பலாலியிலை ஏறினால் கண்ணை மூடித் திறக்க முதல் சென்னை."

ஊர் முழுக்க அப்படித்தான் நம்புகிறது. செல்வரட்ணத்துக்குப் பிளேனில் ஏறப் பயம். செல்வரட்ணம் அதை ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. இன்றைக்கும் அப்படியே சைக்கிளை எடுத்தார். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க முகத்தைத் துக்கமாக வைத்துப் பழகிக்கொண்டு போனார்.

*

வீட்டு முற்றத்தில் மழைக்கும் மழைக்கும் நடுவே கொஞ்சம் வெயில் எறித்தது. அதை விடக்கூடாதென்று கேதீஸ்வரி அறக்குளாக் கருவாட்டைப் பாயில் பரப்பிப் புரட்டிக்கொண்டிருந்தாள். கோப்பாயிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருந்த தனுஷிகா, தாய்க்கு இடப்பக்கமாகக் கதிரையைப் போட்டு, வீங்கிய கால்களை ஒரு மர வாங்கில் தூக்கி வைத்திருந்தாள். கையில் போன்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சின்னச் சபாவாம். காலமைக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை. முதல் வாறாக்களுக்கு முன்வரிசை."

"எத்தினை மணிக்குப் போனால் முதல்?"

"விடியவே வந்து நிண்டு இடம் பிடிப்பினமாம்."

"விடியவே எழும்பிறது எனக்குப் புதிசோ? வள்ளம் வர முதலே கரையிலை நிண்டு பழகினவள். பத்துப் பேரைத் தள்ளிப்போட்டு முன்னாலை இருப்பன்."

"தள்ளக்கூடாதம்மா. அங்கை மெல்லமாத்தான் தள்ளுவினம். இன்னொரு இடத்திலை மைக் இல்லாமலே பாடுவினமாம்."

கேதீஸ்வரியின் கை நின்றுவிட்டது.

"மைக் இல்லாமலோ?"

"ஓம். சின்ன மண்டபம். கிட்ட இருந்து கேக்கலாம்."

"அப்ப தொண்டையிலை இருந்து நேரை காதுக்கு," என்றாள் கேதீஸ்வரி. ஒரு கருவாட்டை இரண்டு தரம் புரட்டினாள். "வலக்கைக் கரையிலை இருக்கோணும் பிள்ளை. அப்பதான் என்ரை இடக்காது மேடைப் பக்கம் இருக்கும்."

மகள் போனைப் பார்ப்பதுபோல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரியப்பா நேற்றும் மெசேஜ் போட்டவர்," என்று கதையை மாற்றினாள். "மேல் அறை ஆயத்தமாம். ரயிலோ பிளேனோ, எதிலை வந்தாலும் தானே வந்து கூட்டிக்கொண்டு போவாராம். அறக்குளாக் கருவாடு மாத்திரம் மறக்க வேண்டாமாம்."

"அதுதானே காயுது."

"அப்பாட்டை எப்ப சொல்லப்போறியள்?"

"மனுசன் முதல்லை ஏறட்டும். ஏறின பிறகு இறங்கேலாது தானே."

பெரியப்பா என்றால் கனகசபாபதி, செல்வரட்ணத்தின் சொந்த அண்ணை. சண்டைக் காலத்தில் வள்ளம் ஏறிப் போய்ச் சென்னையில் தங்கிவிட்டவர். தாய் செத்தபோது பேப்பர் இல்லாமல் அவரால் வர முடியவில்லை. அன்றைக்குப் போனில் தம்பி சொன்ன ஒரு சொல்லோடு இரண்டு பேருக்கும் கதை பேச்சு அறுந்தது. வருடக்கணக்காகிவிட்டது. இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

சைக்கிள் சத்தம் கேட்டதும் தனுஷிகா வாயை மூடிக்கொண்டாள். செல்வரட்ணம் படலையைத் திறந்து வந்தார். பாயைச் சுற்றிக்கொண்டு வந்து மனைவியின் இடப்பக்கமாகக் குந்தினார்.

"கேதீஸ்."

"ம்."

"ஒரு கவலையான செய்தி. கப்பல் இல்லையாம். நான் என்ன செய்ய? நானும் எவ்வளவு ஆசைப்பட்டனான். கடலம்மா மனம் வைக்கேல்லை."

"ஓம், தெரியும்," என்றாள் கேதீஸ்வரி, கருவாட்டைப் புரட்டிக்கொண்டே.

"லெனாட் போன் அடிச்சவனோ?"

"இல்லை. எனக்கு ஆவணியிலையே தெரியும்."

செல்வரட்ணம் முற்றத்தில் குந்தியபடியே இருந்தார். துக்கத்தை வைத்திருப்பதா எடுப்பதா என்று முகத்துக்குத் தெரியவில்லை.

"நானும் கடற்காரன்ரை மகள்தான். வாடை எப்ப எழும்பும், எப்ப விழும் எண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. மார்கழியிலை கப்பலிலை போவம் எண்டு மயிலிட்டி ஆம்பிளை ஒருத்தர் சொன்னால், போகமாட்டன் எண்டுதான் அர்த்தம்."

"பின்னை ஏன் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீ?"

"நீங்கள் நல்ல சந்தோஷமா இருந்தியள். விசாவுக்குப் படம் எடுக்கேக்கை தலையை வழிச்சு இழுத்துக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டியள். ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன். எனக்கும் விசாதானே வேணும்."

தனுஷிகாவால் தாங்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்பா, பலாலியாலை போற பிளேனிலை அம்மாக்கு டிக்கெட் போட்டாச்சு," என்றாள். "உங்களுக்கு இன்னும் போடேல்லை. சீற் முடிஞ்சுகொண்டு வருது. பின்னேரத்துக்குள்ளை ஓமோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ."

"பிளேனிலை நான் வரமாட்டன்."

"பயமெண்டால் சொல்லுங்கோவன். நான் உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்," என்றாள் கேதீஸ்வரி.

"பயமில்லை."

"பின்னை?"

"வரமாட்டன் எண்டால் வரமாட்டன். நீ போட்டு வா."

குரல் மாறிவிட்டது. எழும்பினார். சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். படலை சாத்தப்படாமல் ஆடிக்கொண்டு நின்றது.

தனுஷிகாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. "அம்மா, நாங்கள் பகிடி கூடப் பண்ணிட்டமோ?"

கேதீஸ்வரி கையிலிருந்த கருவாட்டைப் பாயில் வைத்தாள். முப்பத்தைந்து வருடமாகப் பார்க்கிற முகம். பயந்தால் எப்படி இருக்கும், பொய் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "அது பயந்த முகமில்லை பிள்ளை," என்றாள்.

"அப்பா வராட்டி நீங்கள் தனியப் போவியளோ?"

"போய்? ஒலிபெருக்கியிலை ஏதோ சொல்லுவினம், எனக்கு விளங்காது. பாடி முடிச்சுச் சனம் என்னத்துக்குச் சிரிக்குது எண்டு விளங்காது. பக்கத்திலை இருந்து சொல்ல ஆள் வேணும். அதோடை..." அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "அவரோடைதான் கேக்கோணும் எண்டு எனக்கு விருப்பம். அவர் வராட்டி என்ரை டிக்கெட்டையும் கான்சல் பண்ணு."

"அம்மா! அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் மெசின். உன்ரை பிள்ளை அழுகிறதை மெசினாலை கேக்கலாம். அது பலமாத்தான் அழும். பாட்டு அப்பிடியில்லை."

சாப்பாட்டுப் பெட்டியில் சோறும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

*

மயிலிட்டியின் கிழக்குப் பக்கம் ஒரு றோட்டு இருக்கிறது. நன்றாகத்தான் போகும். போய் ஓரிடத்தில் முள்ளுக்கம்பியில் முட்டி நின்றுவிடும். கம்பிக்கு அந்தப் பக்கம் பற்றை, பற்றைக்கு அந்தப் பக்கம் மரங்கள், மரங்களுக்கும் அப்பால் பலாலி ஓடுபாதை. சண்டையில் ஊரைக் கிளப்பிவிட்டு ஆமி பிடித்த காணி, மயிலிட்டியில் முக்கால்வாசிப் பேருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. கேதீஸ்வரியின் வீடும் வளவும் இன்னும் கம்பிக்கு உள்ளேதான் இருக்கின்றன. அவர்கள் இப்போது இருப்பது செல்வரட்ணத்தின் தகப்பன் வழிக் காணியில்.

செல்வரட்ணம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு றோட்டோரக் கல்லில் இருந்தார். கேதீஸ்வரி பக்கத்தில் வந்து இருந்து பெட்டியைத் திறந்தாள். அவர் எழும்பிச் சுற்றி வந்து அவளுடைய இடப்பக்கம் இருந்தார்.

"சாப்பிடுங்கோ. கோபம் மீன் குழம்போடை இல்லைத்தானே."

அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு கையை அப்படியே வைத்துக்கொண்டு தூரத்தில் தெரிந்த ஒரு மர உச்சியைப் பார்த்தார்.

"அது எங்கடை இலுப்பைதான்," என்றார்.

"இல்லை. எங்கடை இலுப்பை இன்னும் தெற்காலை."

இது பழைய சண்டை. எட்டு வருடமாக இந்தக் கம்பியடியில் நடக்கிறது. இரண்டு பேரில் யாருக்கும் நிச்சயமில்லை.

"கேதீஸ், அண்டைக்குப் படலையைக் கொளுவிப்போட்டு வெளிக்கிடேக்கை உன்ரை ஐயாட்டை என்ன சொன்னனான்?"

"இரண்டு நாளிலை வந்திடுவம் எண்டு."

"கலியாணம் முடிச்சு இரண்டு மாசம். புது வீடு. சுவருக்கு அடிச்ச சுண்ணாம்பு மணம்கூடப் போகேல்லை. ஐயா சாகும் வரைக்கும் என்னைக் கண்டால் அதைத்தான் கேட்டவர், தம்பி எப்ப வீட்டுக்குப் போறியள் எண்டு. இந்தக் கையாலைதான் திரும்ப அந்தப் படலையைத் திறப்பன், அதுக்கு முதல் அந்த மண்ணிலை கால் வைக்கமாட்டன் எண்டு அவற்றை செத்தவீட்டிலை நினைச்சனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அவர் தலையால் கம்பிப் பக்கம் காட்டினார்.

"இவ்வளவு காலமும் ஒரு எட்டு உள்ளை விடாதவங்கள், டிக்கெட் எடுத்தால் வாங்கோ எண்டு விடுவாங்கள். என்ரை வளவுக்குப் பக்கத்திலை போறதுக்கு நான் பாஸ்போட்டை நீட்டிக்கொண்டு வரிசையிலை நிக்கவோ? அது என்னாலை ஏலாது கேதீஸ். பயமில்லை. ஏலாது."

இத்தனை நாளும் பிளேனுக்குப் பயந்தவர் என்று மகளோடு சேர்ந்து பகிடி பண்ணியதை நினைக்கக் கேதீஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் அழுதுவிட்டால் அவரும் அழுவார், பிறகு பேச முடியாது. அதனால் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"அது ஆற்றை வளவு?"

"எங்கடை."

"எங்கடையில்லை. என்ரை. ஐயா எனக்குச் சீதனமா எழுதினது. உறுதியிலை உங்கடை பேரே இல்லை. கோபிக்கிறதெண்டால் முதல்லை நான் கோபிக்கோணும்."

செல்வரட்ணம் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நான் கோபிச்சுக் கோபிச்சுக் களைச்சுப்போனன். எனக்கு இப்ப அதைப் பாக்கோணும். மேலை இருந்தெண்டாலும் பாக்கோணும். ஐயா கட்டின கிணறு கிடக்கோ, தூர்த்துப் போட்டாங்களோ எண்டாவது தெரியோணும்."

"பாட்டுக் கேக்கப் போறதெண்டுதானே சொன்னனீ?"

"பாட்டுக்குத்தான். போற வழியிலை என்ரை வீட்டையும் ஒருக்காப் பாத்திட்டுப் போனால் என்ன குறைஞ்சுபோகும்?"

அவர் சோற்றைப் பிசைந்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

"காதைப் பற்றி ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

கேதீஸ்வரி திடுக்கிட்டுப்போனாள். "தனுஷி சொன்னவளோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு வருஷமா நான் ஏன் உன்ரை இடக்கைப் பக்கம் வந்து வந்து இருக்கிறன் எண்டு நினைச்சனீ? இப்பவும் ஏன் எழும்பிச் சுத்தி வந்தனான்?"

"காத்துக்கு எண்டு நினைச்சன்."

"ஓம். காத்துக்கு."

இப்போது அவளுக்கு அழுகையை நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். "சொன்னால் நீங்கள் பாவமெண்டு வருவியள். பாவத்துக்கு வாறவரோடை இருந்து பாட்டுக் கேக்க எனக்கு விருப்பமில்லை."

பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. "இஞ்சை பாருங்கோ, காது விசயம் தெரிஞ்சுகொண்டோ கப்பல் எண்டு என்னை ஏமாத்தினனீங்கள்?"

"ஏமாத்தேல்லை. பிந்தட்டும் எண்டு நினைச்சன். தை கழியக் கடல் அடங்கும், மாசியிலை கப்பலிலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவம் எண்டு."

"மாசியிலை பிள்ளைப்பேறு. அதை விட்டாலும், ஆர் அங்கை எனக்காகப் பாடிக்கொண்டிருக்கினம்? சீசன் முடிஞ்சிடும்."

"அது எனக்குத் தெரியாது. அந்த ஊரிலை பாட்டு வருஷம் முழுக்கக் கிடக்கும் எண்டு நினைச்சன்."

"மீனுக்கே பருவம் இருக்கு. பாட்டுக்கு இருக்காதோ?"

அவர் விழித்த விழியில் அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. நாற்பது வருடமாக எந்த மீன் எந்த மாதம் வரும் என்று கணக்குப் பார்த்த மனுஷன்.

அந்த நேரம் கம்பிக்கு அப்பால் இரைச்சல் எழுந்தது. செல்வரட்ணம் உடனே தலையைத் திருப்பினார். கேதீஸ்வரி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் பார்க்கும் பக்கத்தைப் பார்த்த பிறகுதான், மரங்களுக்கு மேலே பிளேன் எழும்பி வருவதைக் கண்டாள். அவர் அதைக் கவனித்தார்.

பிளேன் கடலை நோக்கி ஏறிச் சின்னதாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளம் ஒன்று துறையை விட்டுப் போவதைப் பார்க்கும் பார்வைதான் அது. கையைக் கழுவினார். ஒரு விரலை ஈரத்தோடு காற்றில் பிடித்தார்.

"காத்துக்கு முகம் குடுத்துத்தான் எழும்புறான்," என்றார்.

"என்ன?"

"வாடைக்கு எதிரா. மார்கழியிலையும் வாடைதான் அடிக்கும். அப்பவும் இந்தப் பக்கமாக் கடலைப் பாத்துத்தான் எழும்புவான். அப்ப நாங்கள் நிக்கிற பக்கம் அவனுக்கு எந்தக் கை?"

அவளுக்கு விளங்கவில்லை. அவர் எழும்பி நின்று, ஓடுபாதையில் ஓடுகிறவரைப்போல் உடம்பைத் திருப்பி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். இடக்கை அவர்கள் நிற்கிற ஊர்ப் பக்கமாக நீண்டது.

"பிள்ளைக்குப் போன் அடி," என்றார். "இடக்கைப் பக்கம் எடுக்கச் சொல்லு. வலக்கைப் பக்கம் இருந்தால் வளவு தெரியாது."

"எத்தினை சீற்?" என்று கேட்டாள் கேதீஸ்வரி. கேட்க வேண்டும் என்றே கேட்டாள்.

"இரண்டு."

தனுஷிகா போனில் கத்திய கத்து, காது கேளாதவர்களுக்கும் கேட்டிருக்கும். இடப்பக்கத்தில் இரண்டு சீற் இருக்கிறதாம், யன்னல்கரை யாருக்கு என்று கேட்டாள்.

"அம்மாக்கு," என்றார் செல்வரட்ணம். "அவளின்ரை வளவு."

"இல்லை. அப்பாக்கு," என்றாள் கேதீஸ்வரி. போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "நான் யன்னலோடை இருந்தால் நீங்கள் என்ரை வலக்காதுப் பக்கம் வருவியள். நீங்கள் யன்னலோடை இருந்தால் என்ரை இடக்காது உங்கடை பக்கம். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

செல்வரட்ணம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இலுப்பை நிக்கோ, கிணறு கிடக்கோ, சுவர் ஏதும் மிஞ்சியிருக்கோ, எல்லாம் சொல்லோணும். கப்பல் கதை மாதிரிப் பொய் சொல்லக்கூடாது."

"ஒண்டும் இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ. உங்கடை வாயாலை கேட்டால் எனக்குத் தாங்கும்."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் வெற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு, அவர் திரும்பும் வரைக்கும் பொறுமையாக நின்றாள்.

*

வீட்டுக்கு வரும்போது செல்வரட்ணம் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளுடைய இடப்பக்கமாகவே நடந்தார். காதைப் பற்றி இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதில் இரண்டு பேருக்குமே மனம் லேசாக இருந்தது. மைக் இல்லாமல் பாடினால் பின்னுக்கு இருக்கிற சனத்துக்கு எப்படிக் கேட்கும் என்றார். அந்தச் சபாக்களில் பாட்டை விடப் போண்டாவுக்குத்தான் கூட்டமாமே, உண்மையோ என்றார். எங்கள் கோயில் தவில் கச்சேரியைக் கேட்ட காதுக்கு அவர்களுடைய தாளம் பிடிக்குமோ என்று கேட்டார். கேதீஸ்வரி எல்லாவற்றுக்கும் வாய் நிறையப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முற்றத்தில் தனுஷிகா கருவாட்டைப் பொறுக்கி எடுத்து, பொலித்தீனுக்குள் பொலித்தீன் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. செல்வரட்ணம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்தக் கட்டைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். அறக்குளா. அதுவும் நல்ல பெரிய துண்டுகள், மேலே கொஞ்சம் மஞ்சள் தடவியது. அப்படி மஞ்சள் தடவிச் சாப்பிடுகிற ஆள் அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

"பாட்டுக் கேக்கப் போறவளுக்குக் கருவாடு என்னத்துக்கு?" என்று கேட்டார்.

தனுஷிகா முடிச்சுப் போடுவதில் மும்முரமானாள்.

"கேதீஸ், சென்னையிலை நாங்கள் எங்கை தங்கப் போறம்?"

கேதீஸ்வரி வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனாள்.

"கேதீஸ், உன்னைத்தான். ஆற்றை வீட்டிலை?"

அவள் நின்றாள். மெதுவாகத் திரும்பினாள். அவரைப் பார்த்து மிகவும் அன்பாகச் சிரித்துவிட்டு, தலையைச் சாய்த்து, அவர் கேள்விக்கு வலக்காதைக் காட்டினாள்.